சீரான இயக்கத்தில் திசைவேகமும் முடுக்கமும்: ஒரு பொம்மைக் காரை வைத்துப் புரிந்துகொள்ளுதல்

சீரான இயக்கம் (வேகம் மாறாத இயக்கம்) என்றதுமே முடுக்கம், அதாவது திசைவேகம் (திசையோடு சேர்ந்த வேகம்) மாறும் வீதம், சுழி என்று எழுதிவிடுகிறோம். ஆனால் அந்த விடை நேர்கோட்டில் மட்டுமே சரி. ஏன் என்பதை பேட்டரியில் ஓடும் ஒரு பொம்மைக் கார், அளவு நாடா, நூல் ஆகியவற்றைக் கொண்டே பார்த்துவிடலாம்.

முதலில், சமதளத் தரையில் நாடாவை விரித்து, அதையொட்டிக் காரை ஓடவிட்டுக் கைபேசியில் படம்பிடியுங்கள். கார் வேகம் பிடிக்கும் தொடக்கப் பகுதியை விட்டுவிட்டு, அதன் முன்முனை ஒவ்வொரு விநாடியும் நாடாவில் எங்கே இருக்கிறது என்று வீடியோவை நிறுத்தி நிறுத்திக் குறித்துக்கொள்ளுங்கள். 0, 30, 60, 90, 120 செ.மீ. எனக் கிடைத்ததாகக் கொள்வோம்.

அடுத்து, ஒவ்வோர் எண்ணிலிருந்தும் அதற்கு முந்தையதைக் கழியுங்கள். எல்லா இடத்திலும் 30 வருவதால், கார் ஓடும் திசையில் அதன் திசைவேகம் 0.3 மீ/வி ஆகும். திசையைச் சொல்லாமல் விட்டால் அது வெறும் வேகம்தான். அந்த 30களை மீண்டும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்தால் சுழி வருகிறதே, அதுதான் முடுக்கம். கார் நிற்கிறது என்பது இதன் பொருளன்று, திசைவேகம் மாறவில்லை என்பதே பொருள்.

ஓர் எச்சரிக்கை. கார் அரை விநாடி நின்று, மறு அரை விநாடியில் 30 செ.மீ. பாய்ந்தாலும் அட்டவணை இப்படியேதான் இருக்கும். 1638இல் வெளியான தம் நூலில் கலிலியோ, சம கால இடைவெளிகள் 'எவையாயினும்' தொலைவுகள் சமமாக இருக்க வேண்டும் என்று வலியுறுத்தியது இதனால்தான். ஆகவே அரை விநாடிக்கு 15 செ.மீ. வருகிறதா என்றும் பாருங்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க, சாய்த்த பலகையில் கோலிக்குண்டு ஒன்றை உருட்டலாம். 0, 10, 40, 90 என்று வந்தால் முதல் வித்தியாசங்கள் 10, 30, 50. இரண்டாவது வித்தியாசம் 20. அதாவது, முடுக்கம் 0.2 மீ/வி².

இப்போது அதே காரை 50 செ.மீ. நூலால் ஒரு முளையில் கட்டி வட்டமாக ஓடவிடுங்கள். வேகம் அதே 0.3 மீ/விதான், ஆனால் திசை கணந்தோறும் திரும்புவதால் திசைவேகம் மாறிக்கொண்டே இருக்கிறது. வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்தால், 0.09 ÷ 0.5 = 0.18 மீ/வி² என்ற முடுக்கம், முளையை நோக்கிய திசையில் கிடைக்கும். விறைத்து நிற்கும் நூலே அதற்குச் சாட்சி. வேகத்தை இரு மடங்காக்கினால் இது நான்கு மடங்காகி 0.72 ஆகும். நூலை அறுத்தால், அந்தக் கணத்தில் கார் எந்தத் திசையை நோக்கியிருந்ததோ அந்தத் திசையிலேயே நேராக ஓடும். முடுக்கமும் மீண்டும் சுழியாகும்.