ரேமைக் காலி செய்யும் மென்பொருள் உதவுமா? நீங்களே சோதித்துப் பாருங்கள்

மெதுவாக ஓடுகிறது என்று என்னிடம் பழுதுபார்க்க வரும் கணினிகள் பலவற்றில், ரேமை (நிரல்கள் ஓடும்போது பயன்படுத்தும் தற்காலிக நினைவகத்தை) காலி செய்வதாகச் சொல்லும் மெமரி கிளீனர் ஒன்று இருக்கும். முதல் வேலையாக அதை நீக்கிவிடுவேன். ஏன் என்பதை உங்கள் விண்டோஸ் கணினியிலேயே பார்த்துவிடலாம்.

பிரவுசரில் நிறைய டேப், கூடவே ஒரு பெரிய கோப்பு, இரண்டையும் திறந்து வையுங்கள். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், அதில் மெமரி. அப்புறம் ரிசோர்ஸ் மானிட்டரையும் திறந்து, மெமரி பக்கத்தில் ‘ஹார்ட் ஃபால்ட்ஸ்’ வரைபடத்தைக் கண்ணில் படும்படி வையுங்கள்.

இப்போது கிளீனரை ஓட்டுங்கள். ‘இன் யூஸ்’ எண் சட்டென்று இறங்கும். பலரும் இதைப் பார்த்துத்தான் நம்பிவிடுகிறார்கள். உடனே பழைய டேப்களுக்கும் கோப்புக்கும் மாறி மாறிப் போய்ப் பாருங்கள். எண் மறுபடி ஏறும். கேஷையும் (அடுத்து தேவைப்படலாம் என்று விண்டோஸ் ரேமில் வைத்திருப்பதை) சேர்த்துத் துடைக்கிற கிளீனர் என்றால் ஹார்ட் ஃபால்ட்ஸும் எகிறும். ரேமில் இருந்ததை மறுபடி டிஸ்க்கிலிருந்து படிக்கிறது என்று அர்த்தம். டிஸ்க் ரேமைவிடப் பல மடங்கு மெதுவானது. பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்காக இருந்தால் அந்தத் தாமதம் கண்ணுக்கே தெரியும்.

ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின் கையிலிருந்து நினைவகத்தைப் பிடுங்குவதுதான் கிளீனர் செய்யும் வேலை. விண்டோஸோ காலியாகக் கிடக்கும் ரேமில் அடுத்து தேவைப்படக்கூடியதை வைத்திருக்கிறது. 2007-இல் வந்த விஸ்டா முதலே இதைத் தீவிரமாகச் செய்கிறது. புதிய நிரலுக்கு இடம் வேண்டுமென்றால் அந்த நொடியே விட்டுக்கொடுக்கும். அதனால்தான் டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கம் காட்டும் ‘அவைலபிள்’ கணக்கில் கேஷின் பெரும்பகுதியும் சேர்கிறது. பார்க்க வேண்டிய எண் அதுதான்.

அது எப்போதும் சில நூறு எம்பிக்குள்ளேயே கிடந்து, சாதாரண வேலையிலேயே ஹார்ட் ஃபால்ட்ஸும் ஓயாமல் வந்தால், சரி, ரேம் நிஜமாகவே போதவில்லை. டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பகுதியில் தேவையில்லாதவற்றை நிறுத்துங்கள். பிராசசஸ் பகுதியில் மெமரி என்ற தலைப்பைச் சொடுக்கி, அதிகம் தின்பது எது என்று பாருங்கள். சும்மா இருக்கும்போதும் ஒரு நிரலின் எண் மட்டும் மணிக்கு மணி ஏறினால் கோளாறு அந்த நிரலில்தான். அதை மூடித் திறங்கள், புதுப்பித்துப் பாருங்கள். இதற்கெல்லாம் அப்புறமும் இழுத்தால் ரேம் கூட்டுங்கள். ஹார்ட் டிஸ்க் உள்ள கணினி என்றால், சுழலும் பாகம் இல்லாத வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டிக்கும் மாறுங்கள்.