லேத்துல டூல் கட்டும்போது பண்ணக்கூடாத தப்புங்க

லேத்துல (இரும்பு பீஸை சுத்த விட்டு டூலால சீவுற மிஷின்) ஜாப்ல, அதாவது சீவுற பீஸ்ல, அலை அலையா கோடு விழுது, கிர்ர்னு சத்தம் வருதுன்னா உடனே ஸ்பீடை குறைப்பாங்க, ஃபீடை (டூல் நகர்ற வேகத்தை) மாத்துவாங்க, கடைசில மிஷின் பழசு பெட் தேஞ்சுபோச்சுன்னு முடிச்சிடுவாங்க. அதுக்கு முன்னாடி டூலை புடிச்சிருக்கிற டூல் போஸ்ட்டை ஒரு தடவ பாருங்க, நான் பாத்த வரைக்கும் பாதி கேஸ்ல டூலை கட்டின விதம்தான் தப்பு.

பெரிய தப்பு டூலை நீட்டி வைக்கிறது. ஜாபை புடிச்சு சுத்துற சக்கோட ஜா (பிடி) இடிச்சிடுமோன்னு பயந்து 12 எம்எம் டூலை 40 எம்எம் வெளிய விடுறாங்க. நீட்டல் ரெண்டு மடங்கானா அதே லோடுக்கு டூல் எட்டு மடங்கு வளையும், அப்புறம் எப்படி அதிராம இருக்கும்? டூல் உயரத்துல ஒன்றரை மடங்குக்கு மேல போகாதீங்க, 12 எம்எம்க்கு 18 போதும். பத்தலன்னா ஜாபை கொஞ்சம் வெளிய எடுத்து கட்டுங்க, இல்ல பெரிய டூல் போடுங்க.

அடுத்தது பேக்கிங், டூலை உயர்த்த அடியில வைக்கிற தகடு. அட்டை, மடிச்ச பேப்பர் எல்லாம் வேண்டவே வேண்டாம், போல்ட்டை இறுக்க இறுக்க அமுங்கும், ஹைட் இறங்கிடும். உடைஞ்ச ஹாக்சா பிளேடு நல்ல பேக்கிங், ஆனா பல்லை கிரைண்டர்ல தேச்சு எடுத்துட்டு வைங்க. அது டூல் போஸ்ட் முன் விளிம்பு வரைக்கும் வரணும், 10 எம்எம் உள்ள நின்னா உங்க டூல் 10 எம்எம் கூட நீட்டின மாதிரிதான்.

சென்டர் ஹைட்டை, அதாவது டூல் முனை ஜாபோட நடு மட்டத்துல நிக்கிற உயரத்தை, கண்ணால குத்துமதிப்பா வைக்காதீங்க. மிஷினை நிறுத்திட்டு ரவுண்ட் ஜாபுக்கும் டூல் முனைக்கும் நடுவுல சின்ன ஸ்டீல் ஸ்கேலை மெதுவா புடிங்க. நேரா நின்னா சரி, மேல் பக்கம் உங்க பக்கமா சாஞ்சா டூல் கீழ இருக்கு, அந்தப் பக்கம் சாஞ்சா மேல இருக்கு. ஃபேசிங் (ஜாபோட முனை முகத்தை சீவுறது) பண்ணி முடிச்சதும் நடுவுல சின்ன மொட்டு நிக்குதே, அதுவும் ஹைட் தப்புன்னுதான் சொல்லுது.

ஒரே போல்ட்ல டூலை நிறுத்தாதீங்க, குறைஞ்சது ரெண்டு போல்ட்டாவது இறுக்கணும். சக் பக்கமா கட் போறப்ப டூல் முனையும் சக் பக்கம் சாஞ்சிருந்தா இன்னும் ஆபத்து, லோடுல டூல் நழுவினா ஜாபுக்குள்ள ஆழமா பாஞ்சிடும், டெயில்ஸ்டாக் (சக்குக்கு எதிர் முனை) பக்கம் லேசா சாஞ்சிருந்தா வெளிய விலகிடும். ட்ரெயினியா இருந்தப்ப ஒரு பட்டறையில இதை தெரியாம பண்ணி, முக்கால்வாசி முடிஞ்ச ஷாஃப்ட்ல ஆழமா ஒரு பள்ளம் விழுந்துச்சு, அந்த பீஸ் ஸ்கிராப்.