போக்கிமான் டியர் லிஸ்ட் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோடை லீவு விட்டதும் கோபி, சத்தி, அந்தியூர் பக்கத்துப் பசங்களிடம் போக்கிமான் ஃபயர்ரெட், அதாவது போக்கிமான் என்ற பிராணிகளைப் பிடித்து வளர்த்துச் சண்டைக்கு விடும் கேம், மறுபடி சூடு பிடித்துவிடும். 2004இல் கேம் பாய் அட்வான்ஸுக்கு வந்தது. இன்றைக்குப் பலரும் போனில் ஆடுகிறார்கள். ஆடினால் மட்டும் போதாது, எது உசத்தி, எது வேஸ்ட் என்று எஸ் (எல்லாவற்றுக்கும் மேல்), ஏ, பி, சி போட்டு வரிசையும், அதாவது டியர் லிஸ்டும், எழுதியாக வேண்டும். நல்ல பழக்கம்தான். ஆனால் கதையை ஆடி முடிக்க எது எவ்வளவு உதவும் என்று எழுத உட்கார்ந்துவிட்டு, எது பார்க்கப் பலசாலி என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். புதிதாக ஆட வரும் தம்பிகள் அதை நம்பி டீம் அமைத்து, கதையில் வென்று தாண்ட வேண்டிய எட்டு ஜிம்களில் மூன்றாவதிலேயே மாட்டிக்கொள்கிறார்கள்.

"ஏனுங்ணா, டிராகோனைட்டைப் போயி சி-ல போட்டுட்டீங்க?" என்று சித்தி பையன் என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டான். கணக்கைப் பாருங்கள். டிராகோனைட்டின் குட்டி வடிவமான டிராட்டினி கைக்கு வருவதே ஆட்டத்தின் நடுவில் செலடான் ஊரை எட்டிய பிறகுதான். ஒன்று அங்குள்ள சூதாட்டக் கூடமான கேம் கார்னரில் காசு சேர்த்து வாங்க வேண்டும், இல்லையென்றால் போக்கிமான் பிடிக்கும் காடான சஃபாரி ஸோனில் சூப்பர் ராடு என்ற தூண்டிலைப் போட வேண்டும். லெவல் ஏறுவதோ மகா மந்தம். லெவல் 30இல் டிராகனேராக மாறும், 55இல்தான் டிராகோனைட். ஜிம்களுக்குப் பிறகு கடைசியில் மோத வேண்டிய எலைட் ஃபோர் என்ற நால்வரில் முதல் ஆளான லோரலையின் போக்கிமான்கள் 51 முதல் 54 வரை, கடைசி ஆளான லான்ஸின் டிராகோனைட்டே 60. அதாவது நம்முடையது டிராகோனைட் ஆகும்போது கதை முடிகிற இடத்தில் நிற்கிறோம். வழி முழுக்க அதைச் சுமந்தது டீமின் மற்ற ஐந்து பேர். கண்ணபுரம் சந்தையில் காளை பிடிக்க வருகிறவர் பல்லைப் பார்ப்பார், வண்டிக்குப் பழகியதா என்று கேட்பார். அவருக்கு வேலை இந்த வருசமே நடக்க வேண்டும். போக்கிமானையும் அப்படித்தான் பார்க்க வேண்டும்: எப்போது கிடைக்கிறது, கிடைத்த அன்றிலிருந்து எத்தனை சண்டை தாங்குகிறது.

அடுத்தது, போட்டி ஆட்டத்தின் வரிசையை அப்படியே எடுத்து ஒட்டுவது. மனிதனும் மனிதனும் மோதும் ஆட்டத்தில் அடியைத் தாங்கிக்கொண்டு நிற்கும் சான்ஸிக்கு மரியாதை அதிகம். கதையில் எதிரே இருப்பது கம்ப்யூட்டர். இங்கே வேகமாக ஓரடி அடித்து அடுத்ததற்குப் போகிறதுதான் நேரத்தை மிச்சம் பண்ணும். சான்ஸியைச் சஃபாரி ஸோனில் பிடிப்பதற்குள் பொறுமை போய்விடும், பிடித்த பிறகு அது அடித்து ஒன்றை வீழ்த்துவதற்குள் மீதிப் பொறுமையும் போய்விடும்.

ட்ரேட், அதாவது இன்னொருவரோடு போக்கிமானை மாற்றிக்கொள்ளும் விஷயத்தில் நம் ஊர் நிலைமையை நினைத்துப் பார்த்து எழுத வேண்டும். அலகஸாம், கெங்கார், மச்சாம்ப், கோலம் நான்கும் இன்னொருவரோடு ட்ரேட் செய்தால்தான் எவால்வ் ஆகும், அதாவது முந்தைய வடிவத்திலிருந்து இந்த வடிவத்துக்கு மாறும். போனில் தனியாக ஆடுகிறவருக்கு இவை இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவற்றின் முந்தைய வடிவங்களான கடாப்ரா, ஹான்டர், மச்சோக், கிராவலர் என்ற நிலையிலேயே மதிப்பிடுங்கள். அப்படிப் பார்த்தாலும் கடாப்ரா முதல் வரிசைக்குத் தகுதியானது. செருலியன் ஊருக்கு வடக்கே ரூட் 24இல் அதன் குட்டி வடிவமான ஆப்ரா கிடைக்கும். அதற்குத் தெரிந்த ஒரே மூவ் (சண்டையில் செய்யும் வித்தை) டெலிபோர்ட், கண்டதும் ஓடிவிடும். அதனால் யோசிக்காமல் முதல் டர்னிலேயே பிடிக்கிற பந்தை வீசுங்கள். லெவல் 16 வரை இழுத்துப் பிடித்தால் போதும், கடாப்ரா ஆகிவிடும். அதன் ஸ்பெஷல் அட்டாக் 120, வேகம் 105. கோகாவின் விஷ ஜிம், எலைட் ஃபோரில் உள்ள புரூனோவின் சண்டைக்காரர்கள், அகதாவின் கெங்கார்கள் எல்லாமே சைக்கிக் அடியில் சாயும். டிஃபன்ஸ் 30தான், ஒரு பலமான அடி பட்டால் விழுந்துவிடும். அது தெரிந்தும் நான் எஸ் கொடுப்பேன்.

பெரும்பாலான லிஸ்ட்டுகள் சறுக்குவது இங்கேதான்: இப்போதைய விதியைப் பழைய ஆட்டத்தின் மேல் ஏற்றிவிடுகிறார்கள். ஃபிசிக்கல் மூவின் பலம் அட்டாக் எண்ணைப் பொறுத்தது, ஸ்பெஷல் மூவின் பலம் ஸ்பெஷல் அட்டாக் எண்ணைப் பொறுத்தது. ஃபயர்ரெட்டில் ஒரு மூவ் ஃபிசிக்கலா ஸ்பெஷலா என்பதை அதன் டைப், அதாவது வகைதான் முடிவு செய்யும். நெருப்பு, தண்ணீர், புல், மின்சாரம், பனி, சைக்கிக், டிராகன், டார்க் எட்டும் ஸ்பெஷல், மற்றதெல்லாம் ஃபிசிக்கல். 2006இல் வந்த டைமண்ட், பேர்ல் கேம்கள் முதல்தான் ஒவ்வொரு மூவுக்கும் தனித்தனியாகப் பிரித்தார்கள். கியாரடோஸை எடுத்துக்கொள்ளுங்கள். அட்டாக் 125 என்று பார்த்ததும் எஸ் போடத் தோன்றும். ஆனால் அது அடிக்கிற சர்ஃப் தண்ணீர் வகை, ஆக ஸ்பெஷல், டார்க் வகையான பைட்டும் ஸ்பெஷல், அதன் ஸ்பெஷல் அட்டாக்கோ வெறும் 60. அந்த 125ஐப் பயன்படுத்த ஸ்ட்ரெங்த் மாதிரி ஃபிசிக்கல் மூவ் ஏதாவது தேட வேண்டும். இதோடு, மவுண்ட் மூன் வாசலில் 500 கொடுத்து வாங்கிய, கியாரடோஸின் முந்தைய வடிவமான மேஜிகார்ப்பை லெவல் 5இலிருந்து 20 வரை முன்னால் நிறுத்தி, உடனே மாற்றி, பாதி அனுபவத்தை ஊட்டி வளர்த்த உழைப்பையும் கழிக்க வேண்டும். நன்றாகத் தாங்கும், தண்ணீரைக் கடக்க வைக்கும் சர்ஃபுக்கும் ஆகும். ஏ-யில் கீழ்ப்பக்கம் வைக்கலாம். ஃப்ளாரியானுக்கு இதைவிட மோசம்: அட்டாக் 130, ஆனால் அதன் நெருப்பெல்லாம் ஸ்பெஷல் கணக்கில் போய்விடும்.

டிஎம், அதாவது போக்கிமானுக்கு ஒரு மூவைக் கற்றுத்தரும் பொருள், அதன் கணக்கையும் யாரும் சரியாகப் போடுவதில்லை. இந்த ஆட்டத்தில் டிஎம் ஒரு முறை பயன்படுத்தினால் தீர்ந்தது. எர்த்குவேக் ஜியோவானியை வென்றால் கிடைக்கும், அதுவும் ஒன்றே ஒன்று, அதுவும் எட்டாவது ஜிம்மில். "எர்த்குவேக் கொடுத்தால் சூப்பர்" என்று நான்கு போக்கிமானை மேலே ஏற்றி வைத்தால், அதில் மூன்று பொய். தண்டர்போல்ட், ஐஸ் பீம் இரண்டையும் கேம் கார்னரில் வேண்டிய அளவு வாங்கலாம், ஆகவே அவற்றைக் கணக்கில் சேர்ப்பதில் தப்பில்லை. நிடோகிங் உயரே நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். ரூட் 3இல் நிடோரான், லெவல் 16இல் நிடோரினோ, மவுண்ட் மூனிலேயே கிடைக்கும் மூன் ஸ்டோனைக் கொடுத்தால் நிடோகிங். அப்புறம் எந்த டிஎம்மைக் கொடுத்தாலும் பெரும்பாலும் கற்றுக்கொள்ளும்.

கொஞ்ச காலம் மட்டும் உழைத்துவிட்டு ஒதுங்குகிறவற்றை அடியில் தள்ளுவதும் நியாயமில்லை. பட்டர்ஃப்ரீ லெவல் 10இலேயே முழு வடிவத்துக்கு வந்துவிடும். நெருப்பு வகை சார்மாண்டரோடு கிளம்பியவருக்கு அது கற்கும் கன்ஃபியூஷன் மூவ், முதல் ஜிம் தலைவர் பிராக்கின் பாறைகளுக்கு எதிரே பெரிய துணை. டிக்லெட்ஸ் கேவ் குகையில் கொஞ்சம் சுற்றினால் டக்ட்ரியோவே லெவல் 29இல் மாட்டும். பக்கத்து ஊரில் காத்திருக்கும் மின்சார ஜிம் தலைவர் சர்ஜின் ராய்ச்சு லெவல் 24தான், மின்சாரம் டக்ட்ரியோவைத் தொடவே தொடாது. இப்படி ஒரு ஜிம்மைத் தனியாளாக முடித்துக் கொடுப்பதற்கு பி-யாவது கொடுங்கள்.

லிஸ்டின் தலையிலேயே மூன்று விஷயம் எழுதிவிடுங்கள்: எந்தப் பதிப்பு (ஃபயர்ரெட்டா, அதன் ஜோடியான லீஃப்கிரீனா), ட்ரேட் உண்டா, ஆட்டத்தின் வேகத்தைக் கூட்டி ஆடுகிறீர்களா. க்ரோலித் ஃபயர்ரெட்டில் மட்டும் கிடைக்கும், வல்பிக்ஸ் லீஃப்கிரீனில் மட்டும். வேகத்தைக் கூட்டி ஆடுகிறவருக்கு மேஜிகார்ப்பை வளர்ப்பது டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை. கோபியிலிருந்து கோவை போகும் பஸ்ஸில் சாதாரண வேகத்தில் ஆடுகிறவருக்கு அவிநாசி வந்தாலும் முடியாது. அவருடைய லிஸ்டில் கியாரடோஸ் இன்னொரு படி இறங்கும், அது சரியும்கூட.