பழைய ஆக்டேவியா ஆர்.எஸ்.: கிலோமீட்டரை நம்பிச் செய்யும் தவறுகள்

2004-ல் இந்தியாவுக்கு வந்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ்.-ஸுக்கு இன்றும் ஏங்குகிறவர்கள் இருக்கிறார்கள். 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின், 20 வால்வு, 150 குதிரைத்திறன். 1,750 ஆர்.பி.எம்.-மிலேயே 210 நியூட்டன் மீட்டர் இழுவிசையும் வந்துவிடும். வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு?" தவறு அங்கேதான் ஆரம்பிக்கிறது. இந்த வயதுக் காரில் முதலில் கைவிடுவது ரப்பரும் பிளாஸ்டிக்கும். கார் ஷெட்டிலேயே நின்றாலும் அவை காய்ந்து வெடிக்கும். குறைவாக ஓடிய கார் என்றால், பல பாகங்கள் மாற்றப்படாமலே கிடக்கின்றன என்றுதான் பெரும்பாலும் அர்த்தம்.

இதில் உயிரை வாங்குவது டைமிங் பெல்ட், அதாவது பிஸ்டனும் வால்வும் தாளம் தப்பாமல் இயங்க வைக்கும் ரப்பர் பட்டை. ஓடோமீட்டர் 60,000 காட்டுகிறது, இன்னும் நேரம் இருக்கிறது என்று விட்டுவிடுகிறார்கள். மாற்றியதற்கு பில் இல்லையென்றால், மாற்றவே இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். பெல்ட் அறுந்தால் பிஸ்டன் போய் வால்வை இடிக்கும், வால்வு வளையும், வால்வுகள் இருக்கும் இன்ஜின் ஹெட்டைக் கழற்ற வேண்டியதுதான். 5 ஆண்டு அல்லது 90,000 கி.மீ., எது முந்துகிறதோ அப்போது மாற்றிவிடுங்கள்.

பெல்ட்டை மட்டும் மாற்றிக் காசை மிச்சப்படுத்துவது அடுத்த தவறு. வாட்டர் பம்பைச் சுற்றுவதும் அதே பெல்ட்தான். பழைய பம்புகளில் இம்பெல்லர் (கூலன்ட்டைத் தள்ளும் சிறு சக்கரம்) பிளாஸ்டிக். விரிசல் விட்டு தண்டோடு சேர்ந்து சுற்றாமல் போகும், கூலன்ட் ஓட்டம் நின்று இன்ஜின் சூடேறும். பம்பின் பேரிங் இறுகினால் புது பெல்ட்டையும் அறுத்துவிடும். அதனால் பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் உருளை, உருளையை அழுத்தும் ஹைட்ராலிக் டேம்பர், உலோக இம்பெல்லர் உள்ள பம்ப், தெர்மோஸ்டாட் எல்லாவற்றையும் ஒரே தடவையில் போட்டுவிடுங்கள். இன்ஜின் மவுன்ட்டைக் கழற்றுகிற கூலி ஒருமுறையோடு முடியும். வேலை நடக்கும்போது டேம்பரைக் கவனியுங்கள். அதை நட்டால் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி அழுத்தி, துளையில் பின் செருகிப் பூட்ட வேண்டும். நெம்புகோல் போட்டு ஒரே அழுத்தாக அழுத்தினால் உள்ளே சீல் கெட்டு, நாளடைவில் பெல்ட் தளர்ந்து பல் தாவும்.

கூலன்ட்டில் பச்சை, சிவப்பு எதுவானாலும் ஒன்றுதான் என்று ஊற்றுகிறார்கள். இந்த வண்டிக்கு ஜி12 வகை. அதில் வழக்கமான பச்சைக் கூலன்ட்டைக் கலந்தால் பழுப்பு நிறத்தில் கூழாகி, ஹீட்டரையும் ரேடியேட்டரையும் அடைக்கும். போர் தண்ணீர் ஊற்றினால் உள்ளே உப்புப் படியும். ஏற்கெனவே யாராவது கலந்திருந்தால், தெளிந்த தண்ணீர் வரும்வரை சுத்தம் செய்து, கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி கலந்து நிரப்புங்கள்.

ஆயில் ஃபோக்ஸ்வாகன் 502 00 தரத்தில் 5டபிள்யூ-40, ஃபில்டரோடு சேர்த்து ஏறக்குறைய 4.5 லிட்டர். 7,500 கி.மீ. அல்லது ஓராண்டு, அதற்கு மேல் தள்ளாதீர்கள். டர்போவின் சூட்டில் ஆயில் கருகிக் கசடாகி, சம்ப்புக்குள் இருக்கும் வடிகட்டியை அடைக்கும். டர்போவுக்கு ஆயில் போகும் மெல்லிய குழாயும் அடைபடும். வால்வுகளைத் திறக்கும் இரண்டு கேம் தண்டுகளை இணைப்பது கேம் செயின்; அதன் டென்ஷனருக்கும் ஆயில் அழுத்தம்தான் பலம் என்பதால், காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஹெட்டிலிருந்து கடகட சத்தம் வரும். செயினைக் கழற்றி மாட்டும்போது இரண்டு கேம் குறிகளுக்கும் நடுவே சரியாக 16 உருளைகள் இருக்க வேண்டும். எண்ணிப் பார்க்காத மெக்கானிக்கை அந்த ஹெட்டைத் தொட விடக்கூடாது. ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தால், பக்கத்து பங்க் வரை ஓட்டிப் பார்க்கலாம் என்று நினைக்காமல் அங்கேயே இன்ஜினை நிறுத்துங்கள்.

செக் இன்ஜின் விளக்கு எரிந்ததும் ஸ்கேனரில் பார்த்து, ஏர்ஃப்ளோ சென்சார், ஆக்சிஜன் சென்சார் என்று வரிசையாக மாற்றுவதில்தான் பணம் வீணாகக் கரைகிறது. 'கலவையில் பெட்ரோல் குறைவு' என்று ஸ்கேனரில் பிழைக் கோடு (code) வந்தால், இன்டேக் மேனிஃபோல்டுக்கு (காற்று உள்ளே போகும் குழாய்த் தொகுதி) அடியில் ஓடும் பிரீதர் ஹோஸ்களில் விரிசலைத் தேடுங்கள். கண்ணுக்குத் தெரியாத இடம் அது. புகை செலுத்திப் பார்க்கும் ஸ்மோக் டெஸ்ட் ஒன்றே பல சென்சார்களின் விலையை மிச்சமாக்கும். ஆக்சிலரேட்டரை விட்டதும் டர்போவின் காற்றைத் திருப்பிவிடும் டைவர்ட்டர் வால்வைக் கையில் எடுத்தே சோதிக்கலாம். உள்ளே இருக்கும் டயாஃப்ரமை விரலால் தள்ளி, மேலே உள்ள சிறு குழாயின் வாயைக் கட்டைவிரலால் மூடுங்கள். தள்ளிய விரலை எடுத்ததும் டயாஃப்ரம் அப்படியே நின்றால் நல்லது. இறங்கி வந்தால் ரப்பர் கிழிந்திருக்கிறது.

ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்கிற மிஸ்ஃபயர் கோடு வந்தால், அந்த சிலிண்டரின் இக்னிஷன் காயிலை வேறு சிலிண்டருக்கு மாற்றிப் பாருங்கள். கோடும் கூடவே நகர்ந்தால் காயில்தான் கெட்டது. செக் இன்ஜின் விளக்கு கண்சிமிட்டும்போது ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்து அதையும் தீர்த்துவிடும்.

வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பது பராமரிப்பு ஆகாது. ஆயில் சூடேறாமல் ஈரம் உள்ளேயே தங்கும். அரை மணி நேரம் சாலையில் ஓட்ட வேண்டும். டயரின் பட்டன் உயரமாக இருந்தாலும் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள்: 2318 என்றால் 2018-ன் 23-ஆவது வாரம். ஆறு வயதைத் தாண்டிய டயரில் வேகம் எடுக்கவே கூடாது. பிரேக் ஆயிலுக்கு இரண்டு ஆண்டு.

வாங்குவதற்கு முன் ஆர்.சி. 15 ஆண்டுக்குப் பிறகு புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா, எதுவரை செல்லும் என்று பாருங்கள். விலை 3 லட்சம் என்றால், முதல் ஆறு மாதத்துக்கென்று 1 லட்சம் தனியாக எடுத்து வையுங்கள். அது இல்லாமல் வாங்குவதைவிட ஓராண்டு பொறுப்பது நல்லது.

இத்தனையும் சரியாகும் முன்பே, இன்ஜின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றிச் சக்தியைக் கூட்டும் ரிமேப் செய்ய ஓடுகிறார்கள். கசியும் ஹோஸோடு பூஸ்டை (டர்போவின் காற்றழுத்தத்தை) ஏற்றினால், குறையும் காற்றை ஈடுகட்ட டர்போ கூடுதலாகச் சுற்றித் தேயும். அடுத்து கிளட்ச்: நான்காவது கியரில் 2,500 ஆர்.பி.எம்.-மில் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிக்கும்போது வேகம் ஏறாமல் ஆர்.பி.எம். முள் மட்டும் ஏறினால், அது ஏற்கெனவே வழுக்குகிறது. இந்த ஐந்து கியர் பெட்டிக்குள் இரு சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரிக்கும் டிஃபரன்ஷியலின் பெரிய பல்சக்கரம் ரிவெட்டில்தான் நிற்கிறது. சக்கரம் சுழலச் சுழல ஸ்டார்ட் எடுக்கிற பழக்கம் உள்ளவர்களிடம் அந்த ரிவெட் தெறித்து, பெட்டியின் சுவரையே ஓட்டை போட்டுவிடும். பிறகு வேறு கியர் பெட்டிதான் தேட வேண்டும்.