அந்தச் சின்ன ஓட்டையை அடைக்காதீர்கள்: குளிரில் கூலன்ட் ஒழுகும்போது செய்யும் தவறுகள்

மார்கழி பிறந்துவிட்டால் மதுரை பழங்காநத்தத்தில் இருக்கும் என் பட்டறைக்குத் திங்கட்கிழமைக் கூட்டம் என்று ஒன்று வரும். சனி, ஞாயிறு கொடைக்கானல் போய்த் திரும்பிய வண்டிகள். ஹேண்டிலில் கம்பளிக் குல்லா தொங்கும், ரேடியேட்டர் ஓரத்தில் பச்சையாக ஒரு கறை பூத்திருக்கும். "அண்ணே, காலையில பார்த்தா வண்டிக்கு அடியில சொட்டுச் சொட்டா ஈரம். ஓட்ட ஆரம்பிச்சதும் நின்னுபோச்சு. ஒண்ணும் பிரச்சினை இல்லல்லண்ணே?"

போன வியாழக்கிழமை வந்த பையன் கொஞ்சம் வித்தியாசம். சனிக்கிழமை மலையேறப் போகிறான், அதற்கு முன்னால் செயினுக்கு எண்ணெய் போட வந்தான். வண்டிக்கடியில் குனிந்து பார்த்தால் வாட்டர் பம்புக்குக் கீழே ஒரு உருண்டை எம்-சீல். "லேசா ஒழுகுச்சுண்ணே, நானே அடைச்சிட்டேன்" என்று பெருமையாகச் சொன்னான். அவனைத் திட்ட வாய் வரவில்லை. 2014இல் அதே இடத்தில் அதே பசையை உருட்டி வைத்தது என் விரல்தான். அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன்.

சூடான இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதே என்பது போன்றவை வண்டியோடு தரும் புத்தகத்திலேயே இருக்கின்றன, அதையெல்லாம் விட்டுவிடுகிறேன். ஸ்பிளெண்டர், பழைய புல்லட்காரர்களும் இதைப் படித்து நேரத்தை வீணாக்க வேண்டாம். காற்றில் குளிரும் இன்ஜினில் ஒழுகுவதற்கு, சூட்டைத் தணிக்கும் திரவமான கூலன்டே கிடையாது.

உறைந்து வெடித்துவிட்டது என்று நினைப்பது

இல்லை. தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் உறைய மைனஸ் 37 டிகிரி வேண்டும். அதற்கு லடாக் போக வேண்டும், கொடைக்கானல் பக்கத்து மன்னவனூர் போதாது.

சூடானதும் நின்றுவிட்டது, ஆகவே சரியாகிவிட்டது

இதுதான் பெரும்பாலோர் ஏமாறும் இடம். மதுரையில் மார்கழி விடியற்காலை 20 டிகிரியைச் சுற்றி இருக்கும். 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலில் அதே நேரம் 10 டிகிரிக்குக் கீழே போய்விடும். அந்தக் குளிரில் இரவு முழுக்க நின்ற வண்டியில் ரப்பர் ஹோஸ் விறைக்கும். ஹோஸ் மாட்டியிருக்கும் அலுமினியக் குழாய் சுருங்கும். அலுமினியம் சுருங்கும் அளவில் ஏறக்குறைய பாதிதான் ஹோஸை இறுக்கிப் பிடிக்கும் இரும்பு கிளிப் சுருங்கும். ஆக, உள்ளே இருப்பது இளைத்துவிட்டது, கிளிப் பழைய இடுப்பளவிலேயே நிற்கிறது. அந்த இடைவெளியில்தான் கசிவு. இன்ஜின் சூடானதும் எல்லாம் விரிந்து பிடித்துக்கொள்ளும், மிச்சம் மீதி கசிவதும் சூட்டில் ஆவியாகிவிடும். ஒழுகல் நின்றதாகத் தெரிவது இதனால்தான்.

போன கூலன்ட் போனதுதான். கொடைக்கானலில் அது குறைந்தது யாருக்கும் உறைக்காது. இறக்கத்தில் இன்ஜினுக்கு வேலையும் இல்லை, எதிர்க்காற்றும் சில்லென்று வீசும். வத்தலக்குண்டு தாண்டி வெயிலுக்குள் வந்து, மத்தியானம் காளவாசல் சிக்னலில் ஃபர்ஸ்ட் கியரில் ஊரும்போதுதான் இன்ஜின் சூடேறியதைக் காட்டும் சிவப்பு விளக்கு மீட்டரில் எரியும். "மலையில நல்லாத்தான்ணே இருந்துச்சு, மதுரை வந்ததும்தான் மக்கர் பண்ணுது" என்பார்கள். கோளாறு மலையிலேயே தொடங்கிவிட்டது.

வண்டியை நிறுத்தும் இடத்தில் இரவு ஒரு பழைய அட்டையைப் போட்டு வையுங்கள். எந்த இடத்துக்கு நேர் கீழே சொட்டியிருக்கிறது என்று காலையில், ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே பாருங்கள். அரை மணி நேரம் ஓட்டிவிட்டு என்னிடம் கொண்டுவந்தால் கறையைத் தவிர நான் எதைப் பார்ப்பது?

பாட்டிலை மட்டும் பார்ப்பது

பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் பாட்டிலில் கூலன்ட் இருந்தால் ரேடியேட்டரும் நிறைந்திருக்கிறது என்று அர்த்தமில்லை. இன்ஜின் ஆறும்போது உள்ளே ஒரு இழுப்பு உண்டாகி, மூடியில் இருக்கும் சின்ன வால்வு வழியாகப் பாட்டிலில் இருந்து கூலன்ட் திரும்பிப் போக வேண்டும். ஹோஸ் மூட்டில் கசிவு இருந்தால் அந்த வழியாகக் காற்று உள்ளே போய்விடும். பாட்டில் அப்படியே நிற்கும், ரேடியேட்டர் காலியாகிக்கொண்டே வரும். ஒழுகுவது தெரிந்தால், இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு மூடியைத் திறந்து ரேடியேட்டருக்குள்ளேயே பாருங்கள். திறந்த கையோடு மூடியின் ரப்பரையும் பாருங்கள். விறைத்திருந்தால் மூடியை மாற்றிவிடலாம், பெரிய செலவில்லை.

சைடு ஸ்டாண்டில் சாய்த்து வைத்து மட்டம் பார்ப்பது

நிமிர்த்திப் பிடித்துப் பாருங்கள்.

கிளிப்பை முறுக்கித் தள்ளுவது

ஒழுகுகிறதா, ஸ்க்ரூ டிரைவரை எடு, திருகு. குளிரில் விறைத்த ரப்பர் மேல் கிளிப்பின் விளிம்பு கத்தி மாதிரி இறங்கும். இன்று நிற்கும், அடுத்த மாதம் ஹோஸ் கிழியும். கால் சுற்று, அதிகம் போனால் அரைச் சுற்று. அதில் நிற்கவில்லை என்றால் தப்பு கிளிப்பில் இல்லை. ஹோஸைக் கழற்றிக் குழாயின் வாயில் பூத்திருக்கும் உப்பை நைஸ் எமரித் தாளில் தேய்த்துவிட்டு மாட்டுங்கள். பாதிக் கசிவு இதிலேயே போய்விடும். கிடைத்தால் ஸ்பிரிங் கிளிப் போடுங்கள், சுருங்கினாலும் அது கூடவே சுருங்கிப் பிடிக்கும்.

வாட்டர் பம்புக்கு அடியில் இருக்கும் ஓட்டையை அடைப்பது

இப்போது அந்தக் கதை.

வாட்டர் பம்பின் தண்டில் ஒரு முனை கூலன்டில் சுழல்கிறது, மறுமுனை இன்ஜின் ஆயிலில். இரண்டும் கலக்காமல் இருக்க இரண்டு சீல்கள். கூலன்ட் பக்கம் மெக்கானிக்கல் சீல், ஆயில் பக்கம் ஆயில் சீல். நடுவே கொஞ்சம் வெற்றிடம், அதிலிருந்து வெளியே வர ஒரு சின்ன ஓட்டை. தீக்குச்சி நுழையும் அளவுதான் இருக்கும். கம்பெனிக்காரன் மறந்துபோய் விட்ட ஓட்டை இல்லை அது. எந்த சீல் தோற்றாலும் கசிவது உள்ளே போகாமல் வெளியே வரட்டும் என்றுதான் துளைத்து வைத்திருக்கிறான். பச்சையாகவோ சிவப்பாகவோ வந்தால் மெக்கானிக்கல் சீல், கறுப்பாக வந்தால் ஆயில் சீல். வண்டியே நம்மிடம் வாய் திறந்து சொல்கிறது.

குளிரில் இது அதிகமாகத் தெரிய ஒரு காரணம் உண்டு. மெக்கானிக்கல் சீல் என்பது இரண்டு வழவழப்பான வளையங்களை ஸ்பிரிங் ஒன்றோடொன்று அழுத்திப் பிடிப்பது. பின்னால் ரப்பர். குளிரில் ரப்பர் விறைத்தால் சூடேறும் வரை வளையங்கள் சரியாக உட்காராது, நாலு சொட்டு விழும். பல மாதம் ஓட்டாமல் கிடந்த வண்டியில் இன்னும் மோசம்.

2014 தை மாதம். பட்டறை போட்டுக் கொஞ்ச நாள்தான். கல்லூரிப் பையன் ஒருவன், 200 சிசி வண்டி, அந்த ஓட்டையில் சொட்டு. சீல் வர மூன்று நாள் ஆகும் என்றார்கள். அவனோ மறுநாள் காலை கிளம்ப வேண்டும். "தற்காலிகமா அடைச்சு விடுறேன், வந்து மாத்திக்கலாம்" என்று எம்-சீலை உருட்டி அப்பினேன். காய்ந்ததும் ஒரு சொட்டு இல்லை. எனக்கே என் மேல் ஒரு மரியாதை வந்தது.

வெளியே வர வழியில்லாத கூலன்ட் என்ன செய்யும்? நடு வெற்றிடத்தில் நிறைந்தது. ரேடியேட்டர் மூடி 1.1 பார் அழுத்தம் வரை பிடித்துவைக்கும். அந்த அழுத்தத்தை எதிர்க்க ஆயில் சீலின் மெல்லிய உதடு செய்யப்படவில்லை. அதைத் தள்ளிக்கொண்டு இன்ஜின் ஆயிலுக்குள் போய்விட்டது. இரண்டு நாள் கழித்து, திரும்பும் வழியில், நிலக்கோட்டை தாண்டி இன்ஜினுக்குள் சுத்தியல் சத்தம். வண்டி சின்ன யானையில் வந்து இறங்கியது. ஆயில் மட்டம் பார்க்கும் கண்ணாடியில் ஆயில் இல்லை, பால் காபி. ஆயில் கூலன்டோடு கலந்தால் தாங்கும் சக்தி போய்விடும், பேரிங் உலோகத்தோடு உலோகமாக உரசும். கனெக்டிங் ராடு, பேரிங், அந்த ஆயிலிலேயே ஊறிக் கிடந்த கிளட்ச் பிளேட்டுகள், எல்லாம் சேர்த்து 17,500 ரூபாய். அப்போது சீலின் விலை 400 ரூபாய்கூட இல்லை.

அவன் அப்பா மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் வியாபாரம். பனிக்காலத்தில் மல்லிகை வரத்து குறைந்து விலை எகிறும் நேரம் அது. அந்த மனிதர் காலை வியாபாரத்தை விட்டுவிட்டு என் பட்டறை ஸ்டூலில் வந்து உட்கார்ந்தார். சத்தம் போடுவார் என்று காத்திருந்தேன். "எதனால ஆச்சு தம்பி?" என்று மட்டும் கேட்டார். சீல் போய்விட்டது என்றேன். அது பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை. அவர் பாதிப் பணத்தை எண்ணி வைத்தபோதுதான் வாங்க முடியாமல் எம்-சீல் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பணத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். முழுத் தொகையும் என் தலையில். நியாயம்தான். இப்போதும் யாராவது அந்த ஓட்டையில் பசை, சிலிக்கான், ஒடித்த தீக்குச்சி என்று செருகிக் கொண்டுவந்தால் எரிச்சல் வருவது அவர்கள் மேல் மட்டும் இல்லை.

சரி, என்ன செய்ய வேண்டும்? ஓட்டையைத் துடைத்துச் சுத்தமாக வையுங்கள். ரேடியேட்டர் மட்டத்தைக் காலையில் பாருங்கள். குளிரில் எப்போதோ ஒரு சொட்டு, மட்டம் குறையவில்லை என்றால் கண்காணிக்கலாம். தினமும் சொட்டினாலோ மட்டம் இறங்கினாலோ சீல் மாற்ற வேண்டும். இரண்டு சீலையும் சேர்த்து மாற்றுங்கள், அப்போதே இன்ஜின் ஆயிலையும் வடித்துப் பாருங்கள். தண்டில் நகத்துக்குத் தட்டுப்படும் பள்ளம் விழுந்திருந்தால் தண்டும் போக வேண்டும். இல்லாவிட்டால் புது சீலும் ஒழுகி, வண்டி சீக்கிரமே திரும்ப வந்து நிற்கும்.

மூடியில் வெள்ளை நுரை கண்டு இன்ஜினைப் பிரிப்பது

இது மேலே சொன்னதற்கு நேர் எதிர்த் தவறு. ஆயில் ஊற்றும் மூடியின் உள்பக்கம் மட்டும் வெள்ளையாக இருந்தால் பெரும்பாலும் அது வெறும் ஈரம். குளிர் ஊரில் ரூமிலிருந்து கடைக்கும் ஏரிக்குமாகக் குட்டிக் குட்டியாக ஓட்டினால் உள்ளே வியர்த்து அப்படி ஆகும். நீண்ட ஓட்டத்தில் போய்விடும். கண்ணாடியிலேயே பால் நிறம் தெரிந்தால்தான் ஸ்டார்ட் செய்யவே கூடாது.

மஞ்சள் தூள்

ஒழுகும் ரேடியேட்டருக்குள் இதைப் போடுவது லாரிக்காரர்களின் பழைய வைத்தியம். லாரி ரேடியேட்டர் தாங்கலாம், பைக் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்கள் அடைத்துக்கொள்ளும். கடையில் விற்கும் லீக் அடைக்கும் பொடிக்கும் இதே பதில்தான்.

போர் தண்ணீரை ஊற்றுவது

நம் ஊர் போர் தண்ணீர் பக்கெட்டிலேயே வெள்ளைக் கோடு போடும். ரேடியேட்டருக்குள் என்ன செய்யும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். டிஸ்டில்டு வாட்டர் ஒரு லிட்டர் பையில் வைத்துக்கொள்ளலாம். மலையில் வேறு வழியே இல்லை என்றால் பாட்டில் குடிதண்ணீர், ஊர் வந்ததும் எல்லாவற்றையும் வடித்துவிட்டுப் புதுசு.

வடித்த கூலன்டைத் தெருவில் ஊற்றுவது

கூலன்டில் இருப்பது எத்திலீன் கிளைக்கால் என்ற விஷம். இனிக்கும், நாய் நக்கும், சிறுநீரகம் போய்ச் செத்துவிடும். பழைய ஆயில் கேனில் மூடி வையுங்கள்.

ஒழுகுவது தெரிந்தே மலையேறுவது

வியாழக்கிழமைப் பையனின் எம்-சீலைச் சுரண்டி எடுக்க முக்கால் மணி நேரம் ஆனது. ஆயிலை வடித்துப் பார்த்தேன், நல்ல நிறம். அடைத்த பிறகு என் பட்டறைக்கு வந்த தூரம்தான் ஓட்டினானாம், அதனால் தப்பித்தான். சுத்தம் செய்து வைத்த ஓட்டையில் மறுநாள் காலை அட்டை நிறையப் பச்சைச் சொட்டு. சீல் திங்கட்கிழமைதான் வரும் என்றேன். முகம் வாடிப்போச்சு.

"அப்ப கொடைக்கானல், அண்ணே?"

"ஆரப்பாளையத்துல பஸ் இருக்குடா. சன்னலோரமாப் பார்த்து உக்காரு."