தலைப்பிரசவம்: எப்போது பொறுப்பது, எப்போது ஓடுவது?

தலைப்பிரசவத்துக்குக் காத்திருக்கும் வீட்டில் அக்கறைக்குப் பஞ்சமே இருக்காது. அம்மா ஒன்று சொல்வார், மாமியார் ஒன்று சொல்வார், எதிர்வீட்டு அக்கா தன் பிரசவக் கதையோடு வந்து உட்காருவார். அத்தனை பேர் சுற்றியிருந்தும் தவறுகள் நடக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை நேரம் தொடர்பானவை. பொறுமையாக இருக்க வேண்டிய கட்டத்தில் வீடே பதறுகிறது. ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாத கட்டத்தில் "விடியட்டும், பார்த்துக்கலாம்" என்கிறது. எது எந்த ரகம் என்பதை வலி வருவதற்கு முன்பே தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

முதலில் தேதி. டாக்டர் எழுதிக் கொடுப்பது 40 வாரம் நிறைகிற நாள். சரியாக அதே நாளில் பிறப்பது 20 குழந்தைகளில் ஒன்று இருந்தால் அதிகம். 37 வாரம் முடிந்த பிறகு எப்போது வலி வந்தாலும் அது காலத்தில் வந்த வலிதான். தேதி தாண்டி இரண்டு நாள் ஆனதுமே வீட்டில் கலவரம் தொடங்கிவிடுகிறது. வலியை வரவழைக்க விளக்கெண்ணெய் கொடுக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அது வயிற்றுப்போக்கைக் கிளப்பி, பிரசவத்துக்குத் தெம்போடு இருக்க வேண்டியவளின் நீர்ச்சத்தை வற்றடிக்கும். தேதி தாண்டினால் செய்ய வேண்டியது மருத்துவமனையில் போய்க் காட்டுவது மட்டுமே. குழந்தையின் இதயத்துடிப்பையும் பனிக்குட நீரின் அளவையும் பார்த்து, காத்திருக்கலாமா, மருந்து கொடுத்து வலியைத் தூண்டலாமா என்று அவர்கள் முடிவெடுப்பார்கள்.

இதைவிட என்னை வருத்துவது நட்சத்திரம் பார்த்து சிசேரியனுக்கு நாள் குறிப்பது. தமிழ்நாட்டில் பிறக்கும் குழந்தைகளில் 44.9 சதவீதம் சிசேரியன் என்கிறது 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. நாடு முழுவதற்கும் சேர்த்து அது 21.5 சதவீதம். தேவையான நேரத்தில் சிசேரியன் உயிரைக் காக்கும், அதில் இரண்டாவது கருத்தே இல்லை. ஆனால் மருத்துவக் காரணம் எதுவும் இல்லாமல், நல்ல நட்சத்திரத்துக்காக 39 வாரம் நிறையும் முன்பே குழந்தையை வெளியே எடுத்தால், மூச்சுத்திணறலோடு தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போகும் வாய்ப்பு கூடுகிறது. நுரையீரல் கடைசி வாரங்களிலும் பக்குவப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது. எந்த ஜாதகமும் அந்த வாரங்களுக்கு ஈடாகாது.

தாய்வீட்டுக்குப் போகும்போது

வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்குப் போவது நல்ல வழக்கம். பிரசவ நேரத்தில் அம்மா பக்கத்தில் இருப்பது பெரிய பலம். சிக்கல் எங்கே வருகிறதென்றால், ஏழெட்டு மாதம் ஒரு டாக்டர் பார்த்த உடம்பு திடீரென்று வேறு ஊரில், வேறு டாக்டர் முன்னால் நிற்கிறது. புடவையும் வளையலும் பத்திரமாகப் போய்ச் சேரும். ஸ்கேன் ரிப்போர்ட் மட்டும் மாமியார் வீட்டு பீரோவில் கிடக்கும். ரத்த வகை, சர்க்கரை, ரத்த அழுத்தக் குறிப்புகள், எல்லா ஸ்கேன்களும் ஒரே பையில் இருக்கட்டும். கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது கிடைத்த பிக்மி எண்ணையும் குறித்துவையுங்கள், பிறப்புச் சான்றிதழுக்குக் கேட்பார்கள். உங்கள் ரத்த வகை நெகட்டிவ் என்றால் புது மருத்துவமனையில் நுழைந்தவுடன் சொல்ல வேண்டிய முதல் விஷயம் அதுதான். குழந்தை பாசிட்டிவ் வகையாக இருந்தால், பிறந்த 72 மணி நேரத்துக்குள் தாய்க்கு ஓர் ஊசி போட வேண்டும். தவறவிட்டால் பாதிப்பு அடுத்த குழந்தைக்குத்தான்.

ஊருக்குப் போன ஒரு வாரத்துக்குள் பிரசவம் பார்க்கப் போகும் இடத்தில் ஒருமுறை காட்டிவிடுங்கள். வலியோடு போய் முதல் அறிமுகம் வேண்டாம்.

வலி

கடைசி மாதத்தில் வயிறு இறுகித் தளர்வது சாதாரணம். சூட்டு வலி என்று பெரியவர்கள் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். வரும், போகும், எழுந்து நடந்தாலோ ஒருக்களித்துப் படுத்தாலோ அடங்கிவிடும். சீரகக் கஷாயம் குடித்துப் பார்ப்பதில் கெடுதல் இல்லை. பிரசவ வலி அப்படி அடங்காது. இடைவெளி குறைந்துகொண்டே வரும், ஒவ்வொன்றும் முந்தையதைவிட நீளும், முதுகிலிருந்து அடிவயிற்றுக்குச் சுற்றிக்கொண்டு வரும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு நிமிடம், இப்படியே ஒரு மணி நேரம் நீடித்தால் கிளம்பலாம். மருத்துவமனை தூரமென்றால், மலை ஊரென்றால், இவ்வளவு கணக்குப் பார்க்காமல் முன்னதாகவே கிளம்புங்கள்.

முதல் வலியிலேயே ஓடிப்போய்ப் படுக்கையில் சேர்ந்துவிடுவது தலைப்பிரசவத்தில் அடிக்கடி நடக்கிறது. கர்ப்பப்பை வாய் ஐந்து சென்டிமீட்டர் திறக்கும் வரையிலான ஆரம்பக் கட்டம் முதல் பிரசவத்தில் பல மணி நேரம் நீளும், ஒரு நாள்கூட ஆகலாம். வேறு சிக்கல் இல்லாதவர்கள் அந்த நேரத்தை வீட்டில் கழிப்பதே நல்லது. இட்லியோ கஞ்சியோ சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, மெல்ல நடந்து, முடிந்தால் தூங்கி எழலாம். பட்டினி கிடந்து, கண் விழித்து, உண்மையான உழைப்பு தொடங்கும்போது துவண்டுபோகிறவர்கள் பலர்.

மேலே சொன்ன பொறுமை எதுவும் பொருந்தாத சில நிலைமைகள் உண்டு. வலியே இல்லாமல் பனிக்குடம் உடைந்தாலும் உடனே போக வேண்டும். "வலி வந்ததும் போகலாம்" என்று காத்திருந்தால் கிருமித்தொற்று ஏறும். உடைந்த நேரத்தையும் நீரின் நிறத்தையும் பார்த்துவையுங்கள். பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் குழந்தை உள்ளே மலம் கழித்திருக்கிறது, ஒரு நிமிடமும் தாமதம் கூடாது. மாதவிலக்கைப் போல ரத்தம் போனாலும் அப்படியே. சளியோடு கலந்து லேசாகத் தெரியும் ரத்தம் வேறு, அது வலி நெருங்குவதற்கான அடையாளம். குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்தால், "பிரசவம் நெருங்கினா அசைவு குறையத்தான் செய்யும்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அது உண்மையல்ல.

ரத்த அழுத்தத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். "மாசமா இருந்தா கால் வீங்கத்தான் செய்யும்" என்பது பாதி உண்மை. முகமும் கையும் சேர்ந்து வீங்கி, விடாத தலைவலி, கண் மங்கல், நெஞ்சுக்குழிக்குக் கீழே வலி என்று வந்தால் அது வலிப்பில் கொண்டுபோய் விடக்கூடிய ரத்த அழுத்தமாக இருக்கலாம். 140/90-ஐத் தொட்டாலே கவனிக்க வேண்டிய அளவு. 108-ஐக் கூப்பிடத் தயங்காதீர்கள். பக்கத்து வீட்டுக்காரரின் கார் வரும்வரை காத்திருந்த நேரத்தை அப்புறம் திரும்பப் பெற முடியாது.

பிரசவ அறையில்

வெளியே நிற்கும் சொந்தங்கள் "இன்னுமா ஆகலை?" என்று மணிக்கொருமுறை கேட்பது உள்ளே இருப்பவர்களை அவசரப்படுத்தும். மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறந்தே ஆக வேண்டும் என்ற பழைய கணக்கை வைத்து மட்டும் பிரசவத்தில் தலையிட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. தாயும் சேயும் நன்றாக இருந்தால் மெதுவாகப் போகும் பிரசவமும் இயல்பான பிரசவம்தான். மல்லாந்தே படுத்துக்கிடக்காமல் ஒருக்களித்துப் படுக்கவோ, உட்காரவோ, நடக்கவோ முடியுமா என்று கேளுங்கள். சிறுநீரை அடக்காதீர்கள். முழுதாகத் திறக்கும் முன்பே, சுற்றியிருப்பவர்கள் சொல்கிறார்கள் என்று முக்கித் தீர்க்காதீர்கள். வயிற்றின் மேல் கையை ஊன்றி அமுக்கிக் குழந்தையைத் தள்ளுவதை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணையாக ஒரு பெண்ணை உள்ளே அனுமதிக்கும் ஏற்பாடு உண்டு. பலரும் கேட்பதே இல்லை. கேளுங்கள். அனுபவசாலி என்பதைவிடப் பதறாதவராக இருப்பது முக்கியம்.

பிள்ளை கைக்கு வந்ததும்

சேனை வைப்பது நம்மூரில் ஆழமாக வேரோடிய வழக்கம். சர்க்கரைத் தண்ணீர், தேன், சில ஊர்களில் தெருவில் வந்து விற்கும் கழுதைப்பால் என்று பெரியவர் ஒருவர் விரலால் தொட்டு வைப்பார். பாசத்தில் செய்வதுதான். ஆனால் தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி, ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நோயைக் கொடுக்கக்கூடியது. பெரியவர் ஆசையாக இருந்தால் குழந்தையை அவர் மடியில் கொடுங்கள், பெயரை அவர் வாயால் சொல்லச் சொல்லுங்கள். வாயில் முதலில் படுவது சீம்பாலாக இருக்கட்டும். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள், சிசேரியனாக இருந்தாலும் நர்ஸின் துணையோடு, மார்பில் போட்டுப் பாலூட்டலாம்.

மூன்றாம் நாள் வாக்கில்தான் பால் நிறையச் சுரக்கும். அதற்குள் "உனக்குப் பால் இல்லை" என்று சொல்லிப் பவுடர் டின்னைத் திறந்துவிடுகிறார்கள். அந்த ஒரு வாக்கியம் பல தாய்ப்பாலூட்டலை முளையிலேயே கிள்ளியிருக்கிறது. முதல் நாளில் குழந்தைக்குத் தேவைப்படுவது வேளைக்கு ஒரு தேக்கரண்டியை ஒட்டிய அளவுதான். முதல் சில நாளில் எடை கொஞ்சம் குறைந்து, இரண்டு வாரத்துக்குள் மீண்டும் ஏறும். ஐந்தாறு நாளுக்குப் பிறகு ஒரு நாளைக்கு ஆறு முறையாவது சிறுநீர் போனால் பால் போதுகிறது என்று நம்பலாம்.

குளிப்பாட்ட 24 மணி நேரமாவது பொறுங்கள். தொப்புள்கொடியில் எதுவும் தடவாமல் காயவிடுங்கள். மூக்கிலும் காதிலும் எண்ணெய் வேண்டாம், கண்ணுக்கு மை வேண்டாம், வசம்பைக் கையில் கட்டினாலும் வாய்க்குள் கொடுக்க வேண்டாம். மஞ்சள் காமாலை முதல் நாளிலேயே தெரிந்தாலோ, உள்ளங்கை, உள்ளங்கால் வரை பரவினாலோ வெயிலில் காட்டிக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலும், உடம்பு சுட்டாலும் சில்லிட்டாலும், மூச்சு வாங்கினாலும் அதே.

எல்லோரும் குழந்தையைச் சுற்றி நிற்கும் அந்த முதல் 24 மணி நேரம்தான் தாய்க்கு ரத்தப்போக்கு அபாயம் மிகுந்த நேரம். "அழுக்கு ரத்தம் போகட்டும்" என்று விடக் கூடாது. ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுதாக நனைந்தாலோ, பெரிய கட்டிகள் போனாலோ நர்ஸைக் கூப்பிடுங்கள். அவசரப்பட்டு டிஸ்சார்ஜ் கேட்காமல் இருப்பதற்கு இதுவே போதுமான காரணம். வீட்டுக்குப் போன பிறகும் 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், கடுமையான தலைவலி, ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் வந்தால் காத்திருக்க வேண்டாம்.

பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டுக் குழம்பும் சுறாப்புட்டும் கொடுப்பது அருமையான வழக்கம், கொடுங்கள். தண்ணீரை மட்டும் அளந்து கொடுக்காதீர்கள். தண்ணீர் குடித்தால் வயிறு போடும், தையல் சீழ் வைக்கும் என்பதில் உண்மையில்லை. குடிக்காவிட்டால் மலச்சிக்கல் வரும், சிறுநீர்த்தொற்று வரும், தையல் போட்ட இடத்தில் வலி உயிர் போகும்.

முதல் சில நாள் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம். இரண்டு வாரம் தாண்டியும் அழுகை நிற்காமல், தூக்கம் பிடிக்காமல், குழந்தையைப் பார்க்கவே மனம் வராமல் இருந்தால் அது நோய். சோம்பலும் அல்ல, காத்து கருப்பும் அல்ல. சிகிச்சையால் சரியாகும். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துகொள்ளத் தோன்றுகிறது என்று அவள் சொன்னால், அன்றைக்கே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். அதுவரை ஒரு நிமிடமும் அவளைத் தனியாக விடாதீர்கள்.