ஓய்வுக்குப் பிறகு வரி தாக்கல்: எச்எஸ்ஏ-வில் நிறுவனம் போட்ட பணத்தில் சறுக்கும் இடங்கள்

அமெரிக்காவில் வேலையை விட்டு ஓய்வுக்கு வந்தவர்கள், "இனிமேல் சம்பளமா, போனஸா? ஓய்வூதியம், சோஷியல் செக்யூரிட்டி, வங்கி வட்டி, அவ்வளவுதானே" என்ற தைரியத்தில் வரி மென்பொருளைத் திறப்பார்கள். எச்எஸ்ஏ, அதாவது மருத்துவச் செலவுக்காக வரிச்சலுகையோடு சேமிக்கும் கணக்கு, இல்லாதவர்களுக்கு அந்த தைரியம் சரிதான். இருப்பவர்களுக்குப் படிவம் 8889 காத்திருக்கிறது. இரண்டு பக்கம்கூட நிரம்பாத படிவம். ஆனால் வேலை கொடுத்த நிறுவனம் போட்ட பணத்தை அதில் தவறான வரியில் (line) எழுதிவிட்டால், இல்லாத வரிக்கழிவு வந்து சேரும், அல்லது இல்லாத அபராதம் வந்து நிற்கும்.

அடிப்படை இதுதான். நிறுவனம் உங்கள் எச்எஸ்ஏ-வில் போட்ட பணம் உங்கள் வரிவருமானத்தில் சேரவே இல்லை. சேராத ஒன்றைக் கழிக்க முடியாது. ஓர் ஆண்டில் எச்எஸ்ஏ-வில் போடக்கூடிய உச்சவரம்பில் எவ்வளவு தீர்ந்துவிட்டது என்று தெரிந்துகொள்வதற்காக மட்டுமே படிவம் அந்தத் தொகையைக் கேட்கிறது. அதற்கான இடம் படிவத்தின் வரி 9 (line 9). உங்கள் கையிலிருந்து, வரி கட்டிய பணத்திலிருந்து நேரடியாகப் போட்டதற்கு வரி 2. கழிவு கிடைப்பது வரி 2-க்கு மட்டும்.

"என் சம்பளத்தில் பிடித்துத்தானே போட்டார்கள், அது என் பணம்தானே?" என்று பலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் கஃபடீரியா திட்டம் (நிறுவனத்தின் ஊழியர் சலுகைத் திட்டம்) வழியாக, வரிக்கு முன்பே பிடித்த தொகையைச் சட்டம் நிறுவனத்தின் பங்களிப்பாகவே பார்க்கிறது. டபிள்யூ-2 என்ற ஆண்டுச் சம்பளத் தாளில் 12-ஆம் பெட்டியில் 'டபிள்யூ' குறியீட்டோடு வரும் தொகைக்குள் நிறுவனம் தானாகக் கொடுத்ததும் உங்களிடம் பிடித்ததும் சேர்ந்தே இருக்கும். மென்பொருளில் டபிள்யூ-2-ஐ உள்ளிட்டதும் அது தானாகவே வரி 9-க்குப் போய்விடும்.

தவறு அடுத்த திரையில் நடக்கிறது. "நீங்கள் எச்எஸ்ஏ-வில் பணம் போட்டீர்களா?" என்று மென்பொருள் கேட்கும். 'ஆமாம்' என்று சொல்லி அதே தொகையை மறுபடி தட்டுவார்கள். 2025-இல் தனிநபர் உச்சவரம்பு 4,300 டாலர், 55 வயது நிறைந்தவர்களுக்குக் கூடுதலாக 1,000, ஆக 5,300. உங்கள் டபிள்யூ-2-இல் 3,200 இருந்து அதை இரண்டு முறை எழுதினால் கணக்கு 6,400 ஆகும். வரம்பைத் தாண்டிவிட்டீர்கள், 6% அபராத வரி என்று மென்பொருளே கத்தும். இந்தச் சத்தம் நல்லது, திரும்பிப் பார்க்க வைக்கும். டபிள்யூ-2-இல் 2,000 மட்டும் இருந்தால்தான் ஆபத்து. இரட்டித்தாலும் 4,000, வரம்புக்குள்தான். மென்பொருள் வாயே திறக்காது. உங்களுக்கு உரிமையில்லாத 2,000 டாலர் கழிவு ஷெட்யூல் 1 என்ற இணைப்புப் படிவத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். எச்எஸ்ஏ கணக்கைப் பராமரிக்கும் நிறுவனம் வரித் துறையான ஐஆர்எஸ்-க்கு அனுப்பும் 5498-எஸ்ஏ தாளிலோ மொத்தமே 2,000 என்றுதான் இருக்கும்.

ஓய்வு பெற்ற ஆண்டோடு டபிள்யூ-2 நின்றுவிடும் என்றும் நினைக்க வேண்டாம். டிசம்பரில் ஓய்வு பெற்றவருக்கு நிறுவனத்தின் கடைசித் தவணை ஜனவரியில் விழுந்திருந்தால், அடுத்த ஆண்டுக்கும் ஒரு டபிள்யூ-2 வரலாம். சம்பளப் பெட்டி காலியாக இருக்கும், 12-ஆம் பெட்டியில் மட்டும் ஒரு சிறு தொகை இருக்கும். காலித் தாள் என்று ஒதுக்கிவிடுவது எளிது. அதையும் உள்ளிட வேண்டும்.

டபிள்யூ-2 அறவே இல்லாதவர்களின் நிலைமை இன்னும் சிக்கல். மத்திய அரசுப் பணியில் ஓய்வு பெற்று, எஃப்இஎச்பி-யில் (மத்திய அரசு ஊழியர்களுக்கான மருத்துவக் காப்பீடு) உயர் கழிவுத்தொகைத் திட்டம், அதாவது காப்பீடு கொடுக்கத் தொடங்குமுன் நாமே கட்ட வேண்டிய தொகை அதிகமுள்ள திட்டம், வைத்திருப்பவர்கள் இந்த வகை. இவர்களின் காப்பீட்டுத் திட்டமே பிரீமியத்தில் ஒரு பகுதியை மாதாமாதம் எச்எஸ்ஏ-வில் போடும். அரசின் பணியாளர் துறையான ஓபிஎம் அனுப்புவது 1099-ஆர் என்ற ஓய்வூதியத் தாள், அதில் இந்தப் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. டபிள்யூ-2 இல்லையே, அப்படியானால் இது நான் போட்டதுதான் என்று வரி 2-இல் எழுதிவிடுகிறார்கள். கூடாது. இதுவும் வரி 9-க்கு உரியதே. மென்பொருளில் "டபிள்யூ-2-இல் காட்டப்படாத நிறுவனப் பங்களிப்பு" என்ற பொருளில் ஒரு பெட்டி எங்காவது இருக்கும். பெரும்பாலும் இரண்டு மூன்று திரைகள் தள்ளித்தான் இருக்கும், தேடிப் பிடிக்க வேண்டும். திட்டம் மாதம் 75 டாலர் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 900. 5,300-இல் இது போக நீங்கள் சொந்தமாகப் போட மிச்சம் 4,400. இந்த 900-ஐக் காட்டாமல் விட்டு 5,300-ஐயும் நீங்களே போட்டிருந்தால் 900 வரம்பு மீறல்.

தொகையை எங்கிருந்து எடுப்பது? 5498-எஸ்ஏ தாளைப் பலர் எதிர்பார்த்திருப்பார்கள். அது வரி தாக்கல் முடிந்து மே மாதம் வரை வராமல் போகலாம். வந்தாலும் நிறுவனம் போட்டதையும் நீங்கள் போட்டதையும் பிரித்துச் சொல்லாது, மொத்தமாகத்தான் சொல்லும். எச்எஸ்ஏ கணக்கின் ஆண்டு அறிக்கையை எடுத்து வரிவரியாகக் கூட்டுவதே நம்பகமான வழி. எந்தத் தேதியில், யாரிடமிருந்து வந்தது என்பது அதில்தான் இருக்கும்.

மெடிகேரும் ஆறு மாதப் பின்தேதியும்

என் கணிப்பில் ஓய்வுபெற்றவர்களுக்கு அதிகப் பணம் போவது இங்கேதான். 65 வயதில் கிடைக்கும் அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரின் எந்தப் பகுதியில் சேர்ந்தாலும், பகுதி ஏ மட்டுமே ஆனாலும், அந்த மாதத்திலிருந்து எச்எஸ்ஏ உச்சவரம்பு சுழியம். ஆண்டு வரம்பை 12-ஆல் வகுத்து, தகுதியுள்ள மாதங்களால் பெருக்க வேண்டும். ஆகஸ்ட் 1-இல் மெடிகேர் தொடங்கியவருக்குத் தகுதி 7 மாதம். 5,300-இல் 12-இல் 7 பங்கு, ஏறத்தாழ 3,092 டாலர். நிறுவனம் ஜூலைக்குள் 3,500 போட்டிருந்தால் 408 டாலர் அதிகம். பிறந்தநாள் மாதத்தின் முதல் தேதியில் வந்தால் மெடிகேர் முந்தைய மாதமே தொடங்கிவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

65-க்கு மேலும் வேலை பார்த்தவர்களுக்கு இன்னொரு கண்ணி இருக்கிறது. 67 வயதில், 2025 டிசம்பரில் சோஷியல் செக்யூரிட்டிக்கு விண்ணப்பித்தால், பகுதி ஏ கூடவே வரும், அதுவும் ஆறு மாதம் பின்னோக்கி, ஜூன் முதல். அந்த ஜூனிலிருந்து நவம்பர் வரை சம்பளத்தில் ஒழுங்காகப் பிடித்துப் போட்ட பணத்துக்கு அடியிலிருந்த தகுதி உருவப்பட்டுவிடும். போட்டபோது சரி, பிறகு தவறு! ஓய்வுத் தேதி தெரிந்துவிட்டால் ஆறு மாதம் முன்பே எச்எஸ்ஏ பிடித்தத்தை நிறுத்தச் சொல்வது இதனால்தான்.

மென்பொருள் இதைக் கண்டுபிடிக்காதா என்றால், நீங்கள் சொன்னால் கண்டுபிடிக்கும். மாதவாரியாக எந்தக் காப்பீடு என்று அது கேட்கும் இடத்தில், மெடிகேர் மாதங்களுக்கு 'இல்லை' என்று குறிக்க வேண்டும். பலர் ஆண்டு முழுவதற்கும் 'தனிநபர்' என்று ஒரே சொடுக்கில் தாண்டிவிடுகிறார்கள். பிறகு 3,500 அதன் கண்ணுக்கு எந்தக் குறையுமில்லாத எண்.

அரசு ஓய்வூதியர்களுக்கு இதோடு ஒட்டிய ஒன்று. எச்எஸ்ஏ தகுதி போனவர்களுக்குத் திட்டம் அதே பணத்தை எச்ஆர்ஏ-வில் (மருத்துவச் செலவைத் திருப்பித் தரும் வேறொரு கணக்கு) போடும். எச்ஆர்ஏ படிவம் 8889-இல் வராது. ஆனால் மெடிகேர் தொடங்கியதைத் திட்டத்துக்கு நீங்கள் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பணம் எச்எஸ்ஏ-விலேயே விழுந்துகொண்டிருக்கும், விழுந்ததெல்லாம் மிகை.

மிகையாகப் போனதைச் சரிசெய்ய வழி உண்டு. எச்எஸ்ஏ கணக்கைப் பராமரிக்கும் நிறுவனத்திடம் 'மிகைப் பங்களிப்பைத் திரும்ப எடுக்கிறேன்' என்று அதற்கான படிவத்திலேயே கேளுங்கள். அது ஈட்டிய வருமானமும் சேர்ந்து வெளியே வரும். தாக்கல் கெடுவுக்குள் எடுத்துவிட்டால் 6% கிடையாது. குறித்த நேரத்தில் தாக்கல் செய்தவர்களுக்கு, திருத்திய படிவத்தோடு, அக்டோபர் 15 வரை அவகாசம் உண்டு. சும்மா டெபிட் அட்டையில் அந்தத் தொகையைச் செலவழித்துவிட்டு "எடுத்துவிட்டேனே" என்றால் செல்லாது. எடுத்தது நிறுவனம் போட்ட பணம் என்றால் அது டபிள்யூ-2 சம்பளத்தில் சேராதது, எனவே 'பிற வருமானம்' என்று காட்டி வரி கட்ட வேண்டும். இந்தக் கடைசிப் படியைத்தான் மறக்கிறார்கள்.

கணவன் மனைவி கணக்கு

எச்எஸ்ஏ-வில் கூட்டுக் கணக்கு கிடையாது. இருவரிடமும் இருந்தால், வரிப் படிவம் ஒன்றானாலும் 8889 இரண்டு. கணவர் மெடிகேரில், 60 வயது மனைவி இன்னும் வேலையில், குடும்பக் காப்பீட்டோடு இருக்கிறார் என்றால், மனைவி தன் கணக்கில் 2025-க்கான குடும்ப வரம்பு 8,550-உம் கூடுதல் 1,000-உம் போடலாம். கணவர் மெடிகேரில் இருப்பது மனைவியின் வரம்பைக் குறைக்காது. ஆனால் மனைவியின் டபிள்யூ-2-ஐக் கவனக்குறைவாகக் கணவர் பெயரில் உள்ளிட்டால், அவருடைய வரம்பு சுழியம் என்பதால் முழுத் தொகையும் மிகை என்று வந்து நிற்கும். அபராத எண் திடுக்கிட வைக்கும் அளவில் இருந்தால் முதலில் பெயரைப் பாருங்கள்.

மாநில வரியில் கலிஃபோர்னியாவும் நியூ ஜெர்சியும் எச்எஸ்ஏ-வை ஏற்பதில்லை. நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கும் இரண்டு மாநிலங்கள். நிறுவனம் போட்ட பணம் அங்கே வரிக்குரிய வருமானம். டபிள்யூ-2 இருந்தால் மாநிலச் சம்பளப் பெட்டியில் அது பெரும்பாலும் ஏற்கெனவே சேர்ந்திருக்கும், இல்லாதவர்கள் தாங்களே சேர்க்க வேண்டும்.

இனிப் பணம் எடுத்தது. ஒரு டாலர்கூடப் போடாத ஆண்டிலும், எடுத்திருந்தால் படிவம் 8889 கட்டாயம். எடுத்த தொகையைக் காட்டும் 1099-எஸ்ஏ தாளின் நகல் ஐஆர்எஸ் கையில் இருக்கும். நீங்கள் 8889 அனுப்பாவிட்டால் எடுத்தது முழுவதையும் வருமானமாகக் கணக்கிட்டு, கணக்கு பொருந்தவில்லை என்று சொல்லும் சிபி2000 கடிதம் வரலாம். 65-க்குப் பிறகு மருத்துவமல்லாத செலவுக்கு எடுத்தால் 20% கூடுதல் வரி இல்லை, வருமான வரி மட்டும். மெடிகேர் பகுதி பி, பகுதி டி பிரீமியங்கள் மருத்துவச் செலவில் அடங்கும், மெடிகேப் என்ற துணைக் காப்பீட்டின் பிரீமியம் அடங்காது. ஊருக்கு வந்தபோது சென்னை மருத்துவமனையில் கட்டிய பில்லும் கணக்கில் வரும், ரசீது இருந்தால். மின்வழித் தாக்கலில் ரசீதை யாரும் கேட்கமாட்டார்கள், அனுப்பவும் வேண்டாம், வீட்டில் வைத்திருங்கள்.

'அனுப்பு' பொத்தானை அழுத்துமுன் 8889-இன் பிடிஎஃப்-ஐத் திறந்து மூன்று எண்களை மட்டும் பாருங்கள். வரி 2 நீங்கள் வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகப் போட்டதோடு ஒத்துப்போகிறதா, வரி 9 நிறுவனம் அல்லது திட்டம் போட்டதோடு ஒத்துப்போகிறதா, வரி 14ஏ 1099-எஸ்ஏ-வின் முதல் பெட்டியோடு ஒத்துப்போகிறதா. வரி 2-இல் எதுவும் இருக்கக் கூடாது என்று தெரிந்தும் அங்கே ஒரு தொகை இருந்தால், பங்களிப்புக் கேள்வி வந்த திரைக்குத் திரும்பிப் போய் அதை அழித்துவிட்டுப் பிறகு அனுப்புங்கள்.